சேலத்தில் ஆக்டிங் டிரைவர் சர்வீஸ்: ரோட்டைப் படம் எடுப்பவன் எழுதும் விமர்சனம்

கல்யாணத்துக்குப் போக, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக, பெங்களூருவில் பெண்ணை விட்டுவர என்று ஆக்டிங் டிரைவர் கூப்பிடுபவர்களுக்கும் இதில் நாலு விஷயம் கிடைக்கும், ஆனால் நான் கூப்பிட்ட காரணம் வேறு. எனக்கு நெடுஞ்சாலையைப் படம் எடுக்கும் கிறுக்கு. ஓரத்து மலை, தலைக்கு மேல் வரும் பச்சை போர்டு, மேம்பாலம், சர்வீஸ் ரோடு பிரியும் இடம், மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல், டோல்கேட் கூரை எல்லாவற்றையும் போகிற வரிசையிலேயே எடுத்து வைப்பேன். அமெரிக்காவில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு ஃப்ரீவேயின் ஒவ்வொரு எக்ஸிட் போர்டையும் விடாமல் எடுத்து எண் வாரியாக அடுக்கி வைப்பார்கள். நம்ம தேசிய நெடுஞ்சாலை 44இல் எக்ஸிட் எண் கிடையாது, அதனால் நான் கிலோமீட்டர் கல்லையும் ஊர்ப் பிரிவையும் வைத்து அடுக்குகிறேன். இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் பார்ப்பேன்.

ஓட்டிக்கொண்டே இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நிறுத்தி எடுக்கலாமே என்பீர்கள். நான்குவழிச் சாலையில் ஓரம் கட்டி நிற்பது ஓட்டிக்கொண்டே எடுப்பதைவிட ஆபத்து, பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம் வண்டி நிற்கிறது என்று புரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். நண்பனை ஓட்டச் சொன்னால் ஓமலூர் தாண்டுவதற்குள் எங்கே சாப்பிடலாம் என்ற பேச்சு வந்துவிடும். மிச்சம் இருந்த வழி ஆக்டிங் டிரைவர்தான். நம் கார், நம் டீசல், ஓட்டுவதற்கு மட்டும் ஆள்.

சேலத்தில் இந்தச் சர்வீஸ் நடத்துபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பயன்படுத்தியது புது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்து நடக்கிற ஒன்று. பெயரை எழுதவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், அதற்கு ஒரு சண்டை வேண்டாம். எனக்குச் சொன்ன ரேட் எட்டு மணி நேரத்துக்கு 900 ரூபாய், அதற்கு மேல் மணிக்கு 100, இரவு பத்துக்கு மேல் போனால் பேட்டா தனி, மதியச் சாப்பாடு நம் கணக்கு. ஒரு நல்ல ஃபில்டர் வாங்கும் காசில் பாதிகூட இல்லை. ஆனால் என் படங்கள் மாறியது ஃபில்டரால் இல்லை, ஓட்டிய ஆளால். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் கேமரா, லென்ஸ், எத்தனை மெகாபிக்சல் என்று மணிக்கணக்கில் பேசுகிற நாம் ஸ்டியரிங் பிடிக்கிற ஆளைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதலில் அனுப்பிய பையனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓட்டினான், ஆனால் வேகமாக ஓட்டுவதுதான் நன்றாக ஓட்டுவது என்று நினைத்து ஓட்டினான். போர்டு கண்ணில் பட்டு, கேமராவைத் தூக்கி, ஃபோகஸ் ஆகும்போது போர்டு பின்னால் போயிருக்கும். மெதுவாகப் போப்பா என்றால் வலது லேனிலேயே அறுபதில் போனான், பின்னால் ஆம்னி பஸ் ஹாரன். சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தான் என்பது வேறு. மாலை வெளிச்சத்தை நம்பிக் கிளம்புகிறவனுக்கு முக்கால் மணி என்பது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் ஆபீசுக்கு போன் போட்டு, லாரி ஓட்டின ஆள் யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்றேன். வந்தவர் சங்ககிரிக்காரர், அம்பதைத் தாண்டியவர், வடக்கே நாக்பூர் வரை லோடு அடித்தவர். ஏறியதும் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, உங்களுக்குப் படம் முன்னாடி கண்ணாடி வழியாவா, சைடுலயா?" அடடா என்று இருந்தது. அதற்குப் பிறகு அவரைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

தொப்பூரில் இருந்து ஆரம்பிப்போம், இந்தப் பக்கம் இருப்பதிலேயே விஷயம் நிறைந்த துண்டு அதுதான். ஸ்ரீநகரில் ஆரம்பித்துக் கன்னியாகுமரி வரை போகிற 44 இங்கே தர்மபுரியில் இருந்து சேலம் நோக்கி மலை இறங்குகிறது. 2010இல் எண் மாற்றினார்கள், ஆனால் எங்கள் டிரைவர் இன்னும் என்எச் ஏழு என்றுதான் சொல்கிறார். இறக்கத்தில் எச்சரிக்கை போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், கீழ் கியரில் போ, வேகத்தைக் குறை, விபத்துப் பகுதி என்று. லோடு லாரியை டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், இரட்டைப் பாலம் பக்கம் எத்தனையோ விபத்துகள். இந்தச் சங்ககிரி அண்ணன் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட்டார், பிரேக் விளக்கே எரியாமல் ஒரே சீராக வண்டி இறங்கியது. படம் எடுப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? பிரேக் அடிக்க அடிக்க வண்டியின் மூக்கு குனிந்து நிமிரும், ஃபிரேமும் கூடவே குனிந்து நிமிரும். எஞ்சின் பிடித்து இறங்கினால் அது கிடையாது. அந்த இறக்கத்தின் போர்டுகள் அத்தனையும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் வந்திருக்கின்றன, வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

தீவட்டிப்பட்டி தாண்டினால் இடது பக்கம் சேர்வராயன் மலை ஏறி நிற்கும். இங்கே நேரம் முக்கியம். ரோடு தெற்கே போகிறது, மலை கிழக்கே இருக்கிறது, ஆகவே காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருந்து வரும், மலை வெறும் சாம்பல் நிழலாகத்தான் பதியும். மூன்றரை மணிக்கு மேல் போனால் மேற்கு வெயில் மலை முகத்தில் நேராக விழுந்து, மடிப்பு மடிப்பாகப் பள்ளத்தாக்கு, பாறை, மழைக்குப் பிறகு என்றால் பச்சை எல்லாம் தெரியும். நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம், அதனால் முன் சீட்டில் உட்கார்பவருக்கு மலைப் பக்கத்து ஜன்னல் முழுக்கச் சொந்தம். இதற்காகவே நான் வடக்கிலிருந்து தெற்கே வரும் பயணத்தை மாலையில் வைத்துக்கொள்கிறேன்.

போர்டுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். தெற்கே போகும்போது தலைக்கு மேல் வரும் போர்டுகள் வடக்கு நோக்கி இருக்கும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் போர்டின் முதுகில்தான் வெயில், நம் பக்கம் இருட்டு, வானம் வெள்ளை, எழுத்து படிக்க முடியாது. அதே மாதத்தில் நாமக்கல்லில் இருந்து சேலம் பக்கம் திரும்பி வந்தால் போர்டெல்லாம் பளிச் என்று இருக்கும். ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, அப்போது தெற்கே போகும் போர்டுகளுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். அண்ணனிடம் இதைச் சொன்னேன், "அதான் நாங்க பகல்ல தெக்க போறப்ப கண்ணு கூசுதுன்னு சொல்வோம்" என்று முடித்துவிட்டார்.

போர்டு எடுப்பதில் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். முன்னால் லாரி இருந்தால் போர்டு மறையும். முந்திப் போக வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். அவர் முந்தவில்லை. தூரத்தில் கம்பம் தெரிந்ததுமே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, லாரியை முன்னே போகவிட்டு, நடுவில் இடைவெளி உண்டாக்கி, போர்டு வரும்போது நம் முன்னால் வெறும் ரோடு மட்டும் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டார். இடது லேன், எழுபது, ஆடாமல். "முன்னாடியே சொல்லுங்க தம்பி, அப்புறம் சொன்னா பிரேக்தான் அடிக்கணும்." நான் அடுத்த பிரிவைச் சொல்லிக்கொண்டே வருவேன், அவர் ஏற்பாடு செய்வார். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வைத்தால் போர்டு கூர்மையாக வந்துவிடும். பக்கத்து ஜன்னலில் இரண்டாயிரத்தில் ஒன்று வைத்தாலும் கிட்டே இருக்கும் இரும்புத் தடுப்பு கோடாகத்தான் போகும், தூரத்து மலை நிற்கும், எனக்கு அது பிடிக்கும்.

கண்ணாடி பற்றி ஒரு வார்த்தை, இதைச் சர்வீஸ் ஆட்கள் செய்ய மாட்டார்கள், நாமேதான் செய்ய வேண்டும். டேஷ்போர்டின் மேல் கறுப்புத் துணி விரியுங்கள், இல்லாவிட்டால் அதன் பிம்பம் வானத்தில் வந்து உட்காரும். லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி வைக்காதீர்கள், வண்டி அதிர்வு முழுக்க உள்ளே வரும். ஆட்டோ ஃபோகஸ் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியைப் பிடித்துக்கொள்ளும், தூரத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் முன் கண்ணாடிக்குச் சரி, வெளிச்சத்தில் ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) தின்றுவிடும் அவ்வளவுதான். பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் கழற்றிவிடுங்கள். அது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியேற்றிய கண்ணாடி, அதற்குள் இருக்கும் இறுக்கம் போலரைசரில் வானவில் திட்டுத் திட்டாகத் தெரியும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

கருப்பூர் டோல்கேட். கூரையும் லேன் விளக்குகளும் நல்ல படம், ஆனால் எல்இடி எழுத்து வேகமான ஷட்டரில் பாதிதான் பதியும், அது விட்டுவிட்டு எரிவது கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நூற்றில் ஒன்றுக்கு இறக்கிவிடுங்கள், வண்டி எப்படியும் ஊர்ந்துதான் போகும். உங்கள் கார் என்பதால் ஃபாஸ்டேக் பணமும் உங்களுடையதுதான், கிளம்பும் முன் பாருங்கள். ட்ரோன் விடலாமா என்று கேட்பவர்களுக்கு: காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருக்கிறது, 2021 ட்ரோன் விதிகளில் விமான நிலையச் சுற்றெல்லையில் இருந்து 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஓமலூர், கருப்பூர் பக்கம் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

மாமாங்கம் பக்கம் வெள்ளைக் குன்றுகள் வரும். மாக்னசைட் சுரங்கத்து மண், வெள்ளைக்காரன் காலத்திலேயே சுண்ணாம்பு மலை என்று பெயர் வைத்துவிட்டான். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து மற்றதையெல்லாம் இருட்டாக்கும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். வெள்ளைக்குப் பின்னால் மலையும் முன்னால் ரோடும் ஒரே ஃபிரேமில் கிடைக்கிற இடம் இந்தியாவில் எத்தனை இருக்கும்? எனக்கு மிகவும் பிடித்த துண்டு இது, ஆனால் இங்கே அண்ணன் வேகம் குறைக்க மாட்டார். குரங்குச்சாவடிக்குள் போகும் வண்டிகள் இடது பக்கம் ஒதுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், "இங்க மெதுவா போனா நம்மள இடிச்சிருவாங்க" என்றார். நியாயம்தான்.

அடுத்து கொண்டலாம்பட்டி பட்டர்ஃப்ளை மேம்பாலம். சேலத்துக்காரர்கள் அத்தனை பேரும் தினமும் போகிற இடம், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 44இல் இருந்து கொச்சி இடப்பள்ளி வரை போகிற 544 இங்கே பிரிகிறது, பழைய கணக்கில் ஏழும் நாற்பத்தேழும் சந்தித்த இடம். இந்த மாதிரி வளைய மேம்பாலங்களின் சூத்திரமே எதிர்ப்பக்க வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் திரும்புவதுதான். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் வலது பக்கம் போக வேண்டிய வண்டி பாலத்தைத் தாண்டிப் போய் இடது பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்து வந்து சேரும். படமாக எடுக்கும்போது இந்தச் சுற்றில் பாலத்தின் அடி, தூண், தடுப்புச் சுவர், மேலே போகும் லாரி எல்லாம் சினிமா ஷாட் மாதிரி திரும்பிக்கொண்டே வரும். ஆனால் திரும்பும் வேகம் சீராக இருந்தால்தான். முதலில் வந்த பையன் வளைவில் ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்பினான், இவர் ஒரு முறை திருப்பிப் பிடித்தார், வெளியே வரும்வரை கை நகரவே இல்லை. இதற்கு மட்டுமே 900 ரூபாய் கொடுக்கலாம்.

ஒரே குறை, இங்கே பிரிவுக் கோணத்தில் நிற்கும் போர்டை ஒழுங்காக எடுக்க வேண்டுமானால் எந்தப் பக்கம் போகிறோம் என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கோவை பக்கம் போகிற லேனில் இருந்து எடுத்தால் மதுரை அம்பு வெட்டுப்படும், மதுரை லேனில் இருந்து எடுத்தால் கோவை. ஆகவே இரண்டு தடவை சுற்ற வேண்டும், ஒரு சுற்று என்பது சர்வீஸ் ரோடு, பஸ், ஆட்டோ, குறுக்கே வரும் பைக் எல்லாம் சேர்ந்து நேரம் தின்னும். அண்ணன் முகம் சுளிக்கவில்லை. முதல் பையன் "சார், சுத்திட்டே இருக்கோம்" என்று சொல்லிக் காட்டினான்.

சீலநாயக்கன்பட்டி பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை, உளுந்தூர்பேட்டை ரோடு பிரிகிற இடம், ஜருகுமலை பின்னால் நன்றாக நிற்கும், மின்கம்பிகள் கெடுக்கும். அந்த உளுந்தூர்பேட்டை ரோட்டில், அதாவது 79இல், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போகிறவர்கள் மாலையில் போக வேண்டாம், திரும்பி வரும்போது சூரியன் நேர் எதிரே இருக்கும். காலையில் சேலத்தில் கிளம்பினாலும் அதே கதைதான், கிழக்கே பார்த்துத்தான் போக வேண்டும். மாறாக 544இல் காலையில் சங்ககிரி பக்கம் போங்கள். வெயில் முதுகில் இருக்கும், போர்டெல்லாம் துலங்கும், சங்ககிரி மலைக்கோட்டை வரிசை வரிசையான மதில்களோடு தூரத்தில் இருந்தே தெரியும். அண்ணனுக்கு அது சொந்த ஊர், எந்த இடத்தில் மரம் விலகிக் கோட்டை தெரியும் என்று அவர்தான் சொன்னார். ஊருக்குள் ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம் வேண்டுமென்றால் ஞாயிறு அதிகாலை மட்டும் போங்கள். 2020இல் திறந்தது, மேல் அடுக்கில் ஏறினால் மொட்டை மாடிகளுக்கு மேலே சேர்வராயன் மலை தெரியும், மற்ற நேரத்தில் தெரிவது முன்னால் போகும் டவுன் பஸ்ஸின் முதுகு.

ஏற்காட்டுக்கும் இவர்களையே கூட்டிப் போனேன். அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட போர்டு. அந்த இருபதையும் வரிசையாக எடுப்பது என் ஆசை. இங்கே அண்ணன் கறார். வளைவில் நிறுத்த மாட்டார், ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவன் கடமை என்பதால் ஏறும்போது எடுங்கள், இறங்கும்போது கேமராவை உள்ளே வையுங்கள் என்றார். மேலே லேடீஸ் சீட்டில் இருந்து பார்த்தால் நாம் ஏறி வந்த ரோடும் கீழே சேலமும் தெரியும். பகலில் தூசுப் படலம் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் மட்டும் நீள லென்ஸில் பைபாஸ் கோடு பிடிபடும். இருட்டிய பிறகு கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஷட்டரைப் பதினைந்து இருபது வினாடி திறந்து வைத்தால் லாரி விளக்குகள் கோடாக ஓடும், எது 44, எது ஊருக்குள் போகும் ரோடு என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். மலை ரோட்டுக்கு அவர்கள் கூடுதலாக 200 கேட்டார்கள், கொடுத்தேன், தப்பில்லை.

இனி சர்வீஸ் மேல் எனக்கு இருக்கும் வருத்தங்கள். மணிக்கணக்கை டிரைவர் நம் வீட்டுக்கு வந்ததில் இருந்து போடாமல் அவர் வீட்டில் கிளம்பியதில் இருந்து போட்டார்கள், கேட்டதும் குறைத்தார்கள், கேட்காதவர்களிடம் குறைப்பார்களா? புக் பண்ணும்போது ஒரு ஆளைச் சொல்லிவிட்டு காலையில் வேறு ஆளை அனுப்பும் வழக்கம் உண்டு, எனக்கும் நடந்தது. ரசீது கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். ஓட்டுகிறவருக்கு இந்த 900இல் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அண்ணனிடம் கேட்டேன், சிரித்துவிட்டு "டீ சாப்பிடலாமா தம்பி" என்றார், அதனால் மேலே தனியாகக் கொஞ்சம் கொடுத்துவிடுகிறேன், நீங்களும் கொடுங்கள்.

ஐந்துக்கு என்ன மார்க் என்றால், சர்வீசுக்கு மூன்று, அண்ணனுக்கு ஐந்து. கூப்பிடுகிறவர்கள் முதல்நாளே போனில் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: கனரக வண்டி ஓட்டிய அனுபவம் வேண்டும், வேகம் எழுபதைத் தாண்டக் கூடாது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டியிருக்கும். மூன்றாவதைக் கேட்டுவிட்டு எதற்கு சார் என்று இழுத்தால் சர்வே வேலை என்று சொல்லிவிடுங்கள், உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தைப்பொங்கல், முகூர்த்த நாட்களில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, அந்த வாரங்களில் ரேட்டும் ஏறும். வண்டியின் முன் கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.